கொலையாளி யாரென்று கேட்டு ஒரு புகார்

அபயாம்பாளுடன் சினிமாவுக்குப் போக அவள் கணவரே சம்மதிப்பதில்லை. அதனால் நான் போனேன். இருபது வருடத்துக்கு மேல் போனேன்.

என் பெயர் கைசர் ஜஹான். அவளும் நானும் தபால் இலாகாவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் வீடு மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால், என் வீடு ராயப்பேட்டை. யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தெரியாத கடிதங்களெல்லாம் எங்கள் பிரிவுக்குத்தான் வரும். முகவரி பாதி அழிந்தது, ஊர் பெயர் இல்லாதது, ஆள் வீடு மாறிப் போனது. அவற்றைப் பிரித்துப் படித்துப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. உள்ளே ஏதாவது துப்பு கிடைத்தால் உரியவருக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எழுதியவருக்கே திருப்ப வேண்டும். எனக்கு அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அபயாம்பாளுக்கு அது வேட்டை.

ஒரு முறை 'சுப்பு, மாடி வீடு, மெட்ராஸ்' என்று மட்டும் எழுதி ஒரு உறை வந்தது. உள்ளே, "ராத்திரி முழுக்க மிஷின் ஓடி தூங்க விடுவதில்லை என்று எழுதியிருந்தாய், காலையில் மாவு வாசனை வேறு என்றாய்" என்று ஒரு வரி. இன்னொரு இடத்தில், கோயில் தேர் உன் ஜன்னலை உரசிக்கொண்டு போகுமாமே என்று கேள்வி. "தேர் போற வீதி, கீழே மாவு மில், மேலே குடித்தனம்" என்றாள் அபயாம்பாள். மறுநாள் மாலைக்குள் கடிதம் சுப்புவின் கையில் இருந்தது. அவன் அப்பா எழுதிய கடிதம் அது.

இப்படிப்பட்டவளை ஒரு மர்மப் படத்துக்கு அழைத்துப்போனால் என்ன ஆகும்? இடைவேளைக்குள் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை மனதில் வைத்துக்கொள்ளவும் தெரியாது. எண்பத்து மூன்றில் ஒரு படத்தில், "அந்த வக்கீல்தான், அவன் செருப்பைப் பார்" என்று அவள் சொன்னது நான்கு வரிசை தள்ளி இருந்தவருக்குக் கேட்டு, அவர் மேனேஜரைக் கூட்டி வந்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இடைவேளையில் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என் கைப்பையில் வைத்துவிட வேண்டும். படம் முடிந்ததும் நான் பிரிப்பேன். இருபத்தாறு படங்களில் ஒன்றுதான் தப்பு. அதுவும் ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டதால் வந்த தப்பு என்று இன்றுவரை சொல்கிறாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவள் கணவர் ராகவேந்திரன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், வார இதழ்களில் வரும் துப்பறியும் தொடர்களை ஆசையாகப் படிப்பார். நாலாவது வாரம் இவள் எட்டிப் பார்த்து, "கொலை பண்ணினது மச்சினன்தான்னா" என்பாள். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு தொடரையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. கோபித்துக்கொண்டதும் இல்லை. அதைத்தான் அவள் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்று நாலில், ஐப்பசி மழையோடு மழையாக, 'ஊதா பங்களா' என்று ஒரு படம் வந்தது. லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரை சுவரெல்லாம் அதன் போஸ்டர்தான். இரண்டு வரிசையில் எட்டு முகங்கள். கீழே கொட்டை எழுத்தில், 'இந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் கொலையாளி. முடிந்தால் கண்டுபிடியுங்கள்.'

பஸ் ஜன்னல் வழியாக அபயாம்பாள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"முடிந்தால்னு போட்டிருக்கான், பாத்தியோ?"

"போட்டா போடட்டும். சினிமாக்காரங்க அப்படித்தான் போடுவாங்க."

"யாரைப் பாத்துக் கேக்கறான் இவன்?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மேட்னி போனோம். கதை இதுதான். கொடைக்கானலில் ஒரு பங்களா. அதன் சொந்தக்காரரான பணக்காரர் ஒரு மழைநாளில் கழுத்தில் பட்டுக் கயிறு இறுக்கப்பட்டுக் கிடக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர்: மனைவி, தம்பி, குடும்ப டாக்டர், சமையல்காரி, இன்னும் மூன்று பேர். செத்தவரையும் சேர்த்து போஸ்டரில் எட்டு. இன்ஸ்பெக்டர் வருகிறார், எல்லோரையும் விசாரிக்கிறார், இடைவேளை. அபயாம்பாள் யோசிக்கக்கூட இல்லை. எழுதினாள், ஒட்டினாள், முறுக்கு வாங்கி வரப் போனாள்.

கடைசி ரீலில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலில் நிற்க வைத்து, "கொலையாளி இதோ வருகிறான்" என்று வாசலைக் காட்டினார். கதவு திறந்தது. செத்துப்போன பணக்காரரே நின்றார். அவர் இல்லையாம், அவருடைய இரட்டைப் பிறவியாம். மலேசியாவிலிருந்து வந்தாராம். அதுவரை அப்படி ஒருவர் பிறந்ததாகவே படத்தில் பேச்சில்லை.

பின் வரிசையில் ஒருவர், "யோவ், இவரு எப்போய்யா வந்தாரு?" என்று கேட்டார்.

"பிளைட்டு லேட்டு நைனா" என்று முன் வரிசையிலிருந்து பதில் வந்தது. தியேட்டரே சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள். அபயாம்பாள் எழுந்திருக்கவில்லை. விளக்கு போட்டாகிவிட்டது, துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார்.

"இன்னா அபயம், கெளம்பலாமா?"

"கைசர், இவன் எங்கேர்ந்து வந்தான்?"

"மலேசியாலேந்துன்னு சொன்னாங்களே."

"அதைக் கேக்கலை. கதைக்குள்ள எங்கேர்ந்து வந்தான்?"

நான் பையிலிருந்து உறையை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"பிரிக்காதே. படம் இன்னும் முடியலை."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் பிடித்திருந்தது. மழையில் ஒரு பாட்டு, கதாநாயகி கட்டி வந்த புடவைகள், கொடைக்கானல் பனி. கொலை யார் செய்தால் எனக்கென்ன? ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் அந்தப் படத்தை இன்னும் மூன்று தடவை பார்த்தாள், தனியாக, நோட்டுப் புத்தகத்தோடு. நீங்கள் சென்சாரிலிருந்து வருகிறீர்களா என்று மேனேஜர் ஒரு நாள் பயந்துபோய்க் கேட்டாராம். பதினாலு கேள்விகள் எழுதியிருந்தாள். வராந்தாவில் சொட்டச் சொட்ட நின்ற குடை யாருடையது? கடிகாரம் ஏன் அரை மணி பின்னால் ஓடியது? கயிற்றின் முடிச்சு இடது கைக்காரர் போட்டது என்று இன்ஸ்பெக்டரே சொன்னாரே, மலேசியாக்காரர் வலது கையால் சிகரெட் பற்ற வைக்கிறாரே?

கேள்விகளைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினாள். பதில் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினாள். கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. மூன்று முறை இப்படி. "தபால் போய்ச் சேர்ந்துடுத்து. இனிமே இலாகாவைக் குத்தம் சொல்ல முடியாது" என்றாள்.

அந்த நாட்களில் பேப்பரைத் திறந்தால் நுகர்வோர் வழக்குகள்தான். மிக்ஸி சுற்றவில்லை, டிராவல்ஸ் பஸ் வரவில்லை என்று ஆளாளுக்கு வழக்குப் போட்டார்கள். வக்கீல் கூட வேண்டாம், நாமே எழுதிக் கொடுக்கலாம். அபயாம்பாள் எழுதிக் கொடுத்தாள். ராகவேந்திரன் சார்தான் டைப் அடித்தார். எட்டுப் பேரில் ஒருவர் கொலையாளி என்று விளம்பரம் செய்துவிட்டு ஒன்பதாவது ஆளைக் காட்டியது சேவைக் குறைபாடு என்பது வழக்கு. 'கோரும் நிவாரணம்' என்ற இடத்தில், 'கொலையாளி யார் என்பதைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க உத்தரவிட வேண்டும்' என்று இருந்தது.

"நஷ்ட ஈடு ஒண்ணும் போடலியே?" என்று சார் கேட்டாராம்.

"எனக்கு விடைதான் வேணும்."

அவர் அப்படியே அடித்துக் கொடுத்தார்.

நுகர்வோர் மன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரிட்டயர்டு ஜட்ஜ், இந்தப் பக்கம் ஒரு பெண் உறுப்பினர், அந்தப் பக்கம் ஒருவர். முதல் வாய்தாவில் எதிர்த்தரப்பு வரவில்லை. இரண்டாவது வாய்தாவுக்குத் தயாரிப்பாளரின் வக்கீல் ஜவஹர் வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். பெரிய கேஸை எதிர்பார்த்து வந்தவருக்குக் கேஸ் கட்டைத் திறந்து பார்த்ததும் முகம் போன போக்கை நான் கவனித்தேன். ஆனால் கெட்டிக்காரர்.

"விளம்பரத்தில் இருப்பது எட்டு முகங்கள்," என்றார். "கொலையாளி இரட்டைப் பிறவி. அவர் முகமும் செத்தவர் முகமும் ஒன்று. ஆகவே கொலையாளியின் முகம் போஸ்டரில் இருக்கிறது. என் கட்சிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

அபயாம்பாள் எழுந்து நின்றாள். "சார், நான் முப்பது வருஷமா தபால் இலாகால இருக்கேன். ராமன்னு பேர் போட்டு ஒரு மணியார்டர் வரது. ராமன் ஆத்துல இல்லை. அவனோட ரெட்டை லட்சுமணன் இருக்கான். மூஞ்சி ஒண்ணுதான்னு நான் அவன் கையில குடுத்தா, சாயங்காலம் எனக்கு வேலை இருக்குமா?"

ஜட்ஜ் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். பெண் உறுப்பினர் அவர் பக்கம் சாய்ந்து மெதுவாக, ஆனால் எங்களுக்கும் கேட்கும்படி, "அந்தக் குடை யாருதுன்னும் கடைசி வரைக்கும் சொல்லலை சார்" என்றார். அவரும் படம் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கடிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அடுத்த கேஸுக்காகக் காத்திருந்த பிரிட்ஜ் கம்பெனிக்காரர் எழுந்து, சமையல்காரிதான் என்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

இடைவேளையிலேயே பெயரை எழுதி ஒட்டிய உறை இருப்பதாக அபயாம்பாள் சொன்னாள். அதைப் பிரிக்கக் கூடாது, அது சாட்சியமாகாது என்று ஜவஹர் ஆட்சேபித்தார். உறையை வைத்திருப்பவர் யார் என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். என் துரதிர்ஷ்டம், ஜவஹர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அதே படத்தைப் பார்த்தீங்க. உங்களுக்குப் படம் பிடிச்சுதா?"

உண்மை சொல்வதாகச் சற்று முன்புதான் சத்தியம் செய்திருந்தேன்.

"பாட்டு நல்லா இருந்துச்சு சார்."

"பாட்டைக் கேக்கலை. படம்?"

"புடவையெல்லாம் நல்லா இருந்துச்சு."

"அப்போ கொடுத்த காசுக்கு உங்களுக்குக் குறையில்லை?"

"எனக்கு... இல்ல சார்."

ஜவஹர் தலைவணங்கி உட்கார்ந்தார். அபயாம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பின்கோடு தப்பாக எழுதுகிறவர்களுக்காக அவள் வைத்திருப்பது. வழக்கை மூன்று வாரம் தள்ளிப் போட்டார்கள்.

வெளியே டீக்கடையில் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு நின்றோம். டீயை ஊதிக்கொண்டே, "புடவை நன்னா இருந்துதா?" என்றாள்.

"அந்த மாம்பழக் கலரு நல்லாத்தானே இருந்துச்சு அபயம்."

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு இளைஞர் எங்கள் முன்னால் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும், மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக ஞாபகம்.

"மேடம், என் பேர் ஆனந்தகுமார். அந்தப் படத்தோட டைரக்டர் நான்தான்."

அபயாம்பாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "குடை யாருது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "டாக்டரோடது மேடம். கடிகாரத்தைப் பின்னாடி வச்சதும் அவர்தான். டாக்டர்தான் கொலையாளி. அப்படித்தான் எழுதினேன், அப்படித்தான் எடுத்தேன்."

பிறகு நடந்ததைச் சொன்னார். டாக்டராக நடித்தவர் டி.வி.யில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்தில் வருகிறவர். அதிலும் டாக்டர் கோட்டுதான். இதயத்துக்கு நல்லது என்று சொல்லிச் சிரிப்பார். கோட்டுப் போட்டு எண்ணெய் விற்கிறவர் கோட்டுப் போட்டுக் கொலை செய்தால் யார் வாங்குவார்கள் என்று எண்ணெய்க் கம்பெனி கேட்டது. நடிகர் பயந்தார், தயாரிப்பாளர் அதைவிடப் பயந்தார். ரிலீசுக்குப் பத்து நாள் இருக்கும்போது முடிவை மாற்றச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கால்ஷீட் காலியாக இருந்தவர் செத்துப்போனவராக நடித்தவர் ஒருவர்தான்.

"அவரை வச்சு ரெண்டு நாள்ல வேற முடிவு எடுத்தேன். மலேசியாவெல்லாம் டப்பிங்ல சேர்த்தது மேடம்."

அபயாம்பாள் என் பக்கம் கையை நீட்டினாள். நான் உறையைக் கொடுத்தேன். அதை அவள் அவரிடம் நீட்டினாள். அவர் பிரித்தார். 'டாக்டர். இடது கை' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

அந்த மனிதர் அந்தத் துண்டுக் காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் பாக்கிச் சில்லறையை நீட்டியது அவர் கண்ணில் படவில்லை.

"இதைக் கண்டுபிடிப்பாங்கன்னு நெனச்சுத்தான் மேடம் அவரை மூணு இடத்துல இடது கையால எழுத வச்சேன். யாருமே பாக்கலியோன்னு நெனச்சேன்."

"நான் நாலு தடவை பாத்தேன்" என்றாள் அபயாம்பாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "நீங்க நன்னாத்தான் பண்ணியிருக்கேள்."

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். இதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த படம் கிடைக்காது. அவள் வாக்குக் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். இப்போது எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்து மன்றத்தில் அபயாம்பாள் எழுந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள்.

"காரணம்?" என்றார் ஜட்ஜ்.

"கேட்ட நிவாரணம் கிடைச்சுடுத்து சார்."

ஜட்ஜ் பேனாவை மூடினார். பெண் உறுப்பினர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஜவஹர்கூடக் கட்டைக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அப்போ... யாரும்மா?"

"அதைச் சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்லை சார்."

வழக்குத் தள்ளுபடி ஆனது. நாங்கள் படி இறங்குவதற்குள் பியூன் ஓடி வந்தார். "உள்ள மேடம் கேக்கச் சொன்னாங்க. தம்பியா, டாக்டரா? அது மட்டும் சொன்னா போதுமாம்."

"மேடத்தை இன்னொரு தடவை படம் பாக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. முப்பது வருடமாக விடையைச் சொல்லிச் சொல்லியே பழகியவள். சொல்லாமல் வைத்திருப்பதில் இத்தனை ருசி இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸில் என்னோடு பேச ஆரம்பித்தாள். மாம்பழக் கலர் அவ்வளவு மோசமில்லை என்றும் ஒப்புக்கொண்டாள்.

ஆனந்தகுமாருக்கு அடுத்த படம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து டி.வி.யில் பதின்மூன்று வாரத் தொடர் ஒன்று கிடைத்தது. ஒரு எஸ்டேட், ஒரு கொலை. அவர் நேரே சித்திரக்குளத்துக்கு வந்து கதையை அபயாம்பாளின் கையில் கொடுத்தார். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் அவள் 5பி பஸ் பிடித்து, பாண்டி பஜார் பக்கம் மாடியில் இருந்த அவர் அறைக்குப் போவாள். சில நாள் நானும் போனேன். "இவன் ஏன் கதவைச் சாத்தலை?" "பால்காரன் வந்தா நாய் குலைக்காதோ?" என்று அவள் கேட்கக் கேட்க, அவர் அடித்து அடித்து எழுதுவார். காபி தவிர வேறு எதையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தன் பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

தொடர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்தது. நன்றாகவே ஓடியது. இங்கேதான் ராகவேந்திரன் சார் வருகிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி வாயைத் திறக்காமல் ஒரு மர்மக் கதையைப் பார்க்கிறார். ஆரம்பத்தில் அவருக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஐந்தாவது வாரத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"தோட்டக்காரன்தானே?" என்பார் சாப்பிடும்போது.

"மோர் விட்டுக்கோங்கோ" என்பாள் அவள்.

"பெரிய மாப்பிள்ளையா?"

"ஊறுகாய் வேணுமா?"

கடைசி வாரம் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து, போலீஸ் அதிகாரி தொண்டையைச் செருமினார். கரண்ட் போய்விட்டது.

சார் இரண்டு நிமிஷம் இருட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அபயம், சொல்லிடு."

"பதிமூணு வாரம் பாத்தேள். நாளைக்கு யாராவது சொல்லுவா."

என்னைப் பார்த்தார். நான் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தேன். அவர் எழுந்தார், மேல் துண்டைப் போட்டுக்கொண்டார், செருப்பை மாட்டினார். "மந்தைவெளில கரண்ட் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறுபது வயதுக்கு அது நல்ல நடை. "போகட்டும், விடு" என்றாள் அபயாம்பாள். ஆனாலும் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலில் பார்த்தாள்.

அரை மணி கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"பாத்தேளா?"

"கடைசில மேனேஜர்னு முடிச்சுட்டான். எனக்கு ஒண்ணும் பிடிக்கலை."

அபயாம்பாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "மேனேஜரா?"

"ஆமா. எஸ்டேட் மேனேஜர்."

"அவன் எப்படி இருக்க முடியும்? அவன் அன்னிக்கு ஊட்டில பாங்க்ல இருந்தான். மூணாவது வாரத்துல ரசீதே காட்டினாளே. மறுபடியும் மாத்திட்டாளா? அந்தப் பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. சுருதிப் பெட்டில கயிறு இருந்ததுக்கு என்ன பதில் சொன்னான்? பாட்டு டீச்சர் அன்னிக்கு வீணை கிளாஸ் எடுத்ததா சொன்னாளே, வீணைல தந்தி அறுந்து நாலு நாள் ஆச்சே, அவ பொய் சொன்னது அதுலதானே தெரியறது? பாட்டு டீச்சர்தான்னா கொலை பண்ணினது. எட்டு சனிக்கிழமை உட்கார்ந்து பண்ணினோம். இதை எப்படி மேனேஜர்னு..."

ராகவேந்திரன் சார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாட்டு டீச்சரா," என்றார். "நான் நெனைக்கவே இல்லை. நன்னா பண்ணியிருக்கேள்."

அபயாம்பாள் அவரையே பார்த்தாள். "நீங்க பாக்கலியா?"

"மந்தைவெளிலயும் கரண்ட் இல்லை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த ஆளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல அவள் நின்றாள். பிறகு உள்ளே போய்க் காபிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.